ஏழாவது சனிக்கிழமை

சிந்தசைசர் எனும் பழைய மின்னிசைக் கருவிகளின் பிழையில்லாத வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த அருட்செல்வன், ஒவ்வொரு சனிக்கிழமையும் இணுவிலில் தனியாக இருந்த தம்பிஐயாவின் வீட்டுக்கு வந்துவிடுவார். தன்னிடமுள்ள பழைய சிந்தசைசரை எண்பதுகளில் வாசித்தவர் யார் என்பதுதான் அவருடைய கேள்வி.

“நான்தான் வாசிச்சனான்” என்று தம்பிஐயா தேநீர் கொடுத்தபடி கதை சொல்லுவார். நல்லூரில் நடந்த கச்சேரி, இடையில் வந்த மழை, நனைந்த ஒலிபெருக்கி என்று எல்லாமே அருட்செல்வனின் கொப்பியில் ஏறும்.

பிள்ளைகள் கனடாவுக்குப் போன பிறகு அந்த வீட்டுப் படலையைத் திறந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

ஏழாவது வாரம் தம்பிஐயாவுக்கு மனம் பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இனி இந்த மனிதர் வரமாட்டார் என்பது தெரிந்தும் வாய் திறந்தார்.

“தம்பி, நான் சொன்னதெல்லாம் பொய். அந்த வாத்தியத்தை நான் கண்ணாலையும் காணேல்லை. நீர் வந்து இருந்து கதைக்கிறீரெண்டுதான் அப்பிடிச் சொன்னனான். புத்தகத்திலை போட்டிடாதையும்.”

“போடமாட்டன் அண்ணை. பொய்யெண்டு எனக்கு முதல் நாளே தெரியும்.”

“எப்பிடி?”

“அதை வாசிச்சது என்ரை மனிசி. அவ செத்து மூண்டு வருசமாச்சு.”

தம்பிஐயா திகைத்துப்போனார். “பிறகேன் வந்து வந்து கேட்டனீர்?”

அருட்செல்வன் கொப்பியை மூடினார்.

“அதைப் பற்றி என்னோடை கதைக்க வேறை ஆரும் இல்லை.”