கண்ணி கழற்ற வேண்டாம்

“செயின்ல மட்டும் கை வைக்காதீங்க” என்றார் வாட்ச் வாங்க வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்.

என் கையிலிருந்த குட்டி ஸ்க்ரூ டிரைவர் அந்தரத்தில் நின்றது.

இப்படி யாராவது சொன்னால் எங்கள் கடையில் எல்லோருக்கும் காது விடைத்துக்கொள்ளும்.

காரணம் இருக்கிறது. இந்த வாட்சுக்குப் பெயர் கொடுத்துவிட்டு நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். எங்கள் கடைக்கு வருடத்துக்கு வருவதே ஆறுதான். வாங்கியவர் வாசல் தாண்டியதும், எதிர் நடைபாதையில் தவம் கிடக்கும் ‘டபுள்’ ஓடி வருவார். கடை விலையைப் போல இரண்டு மடங்கு தருவதால் அந்தப் பெயர். கண்ணாடி மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் உரியக் கூடாது, செயினில் ஒரு கண்ணிகூடக் குறையக் கூடாது. இது அவருடைய நிபந்தனை.

அதற்கு எதிராக எங்கள் முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார். வாங்குபவரின் கண் முன்னாலேயே தாளை உரிக்க வேண்டும். அவர் மணிக்கட்டுக்கு ஏற்றபடி கண்ணிகளைக் கழற்ற வேண்டும். கழற்றியவை ஒரு வருடம் கடைப் பெட்டகத்தில் இருக்கும். சம்மதம் இல்லையென்றால் வாட்ச் கிடையாது. பட்டியலில் அடுத்தவருக்குப் போன் போய்விடும்.

போன மாதம் ஒருவர் உருக உருகப் பேசினார். நானும் இளகி, முழுச் செயினோடு கொடுத்தனுப்பினேன். பத்தே நிமிடத்தில் அது டபுளின் பையில் இருந்தது. அன்றிலிருந்து முதலாளி என்னை ‘வள்ளல்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

இன்னொரு முறை ஏமாற நான் தயாராக இல்லை.

“கட்டிப் பாருங்க சார்.”

கட்டினார். கையைத் தூக்கியதும் வாட்ச் சர்ரென்று முழங்கை வரை வழுக்கிப் போனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி குபீரென்று சிரித்தார். “இதை வாட்ச்னு சொல்றதா, தோள்வளைன்னு சொல்றதா? நாலு வருஷமா இதுதாம்மா எனக்குச் சக்களத்தி. தூக்கத்துலகூட இது பேச்சுதான்.”

“நீ சும்மா இரு” என்று அவரும் சிரித்தார்.

“அஞ்சு கண்ணி எடுத்துட்டா கச்சிதமா உக்காந்துடும் சார்.”

“வேண்டாம்மா. தாளை உரிச்சுக்கோங்க. செயின் இப்படியே இருக்கட்டும்.”

“கண்ணி எங்கேயும் போகாது சார். ஒரு வருஷம் கழிச்சு நாங்களே குடுத்துடுவோம்.”

“ஒரு வருஷமா?” அவர் தலையை ஆட்டினார். “அவ்வளவு நாளெல்லாம் ஆகாதும்மா.”

எப்படி ஆகும்? ரோட்டைக் கடந்து டபுளிடம் போக ஒரு நிமிடம் போதுமே!

மேஜை மேல் விரித்திருந்த வெல்வெட் துணியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “மன்னிச்சிடுங்க சார். கண்ணி எடுக்கலைன்னா அடுத்தவரைத்தான் கூப்பிடணும்.”

போனை எடுத்தேன்.

அவர் வாட்சைக் கழற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதைப் போலத் துணி மேல் வைத்தார்.

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏங்க, வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?”

அவர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பேரு குடுத்த அன்னிக்கு அளவெடுத்தீங்களேம்மா. அந்தக் கார்டைப் பாருங்க.”

இழுப்பறையிலிருந்து அவருடைய பதிவு அட்டையை எடுத்தேன். என் கையெழுத்துதான்.

மணிக்கட்டு: பத்தொன்பது சென்டிமீட்டர்.

எதிரே இருந்த கை பதினைந்துகூடத் தேறாது. டபுள் ஆள்மாறாட்டம் செய்து யாரையோ அனுப்பிவிட்டாரா என்று ஒரு கணம் நினைத்தேன்.

பிறகுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தேன். தோல் தளர்ந்திருந்தது. முழங்கை மடிப்பில் ஊசி குத்திய தழும்புகள், வரிசையாக.

“மருந்தெல்லாம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சும்மா” என்றார் மனைவி. “ரொம்ப முடியாமக் கிடந்தப்ப, ‘கடைக்குப் போன் பண்ணி என் பேரை எடுத்துடு’ன்னு இவரே சொன்னாரு. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். இவர் பேரு ஒரு லிஸ்ட்ல இருக்குன்னா, நாலு வருஷம் கழிச்சு ஒருத்தர் இவரை எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னுதானே அர்த்தம்?”

நான் போனைக் கீழே வைத்தேன்.

“இப்போ மாசம் ரெண்டு கிலோ ஏறுது” என்றார் அவர், ஏதோ திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்பவரைப் போல. “கை பழையபடி ஆயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனப்புறம் கண்ணிக்காக நான் இங்க வந்து நிக்கணுமா?”

தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்தேன். வாட்சை அவர் கையில் நானே மாட்டினேன். 

விற்பனைப் படிவத்தில் ‘இன்றைய மணிக்கட்டு அளவு’ என்று ஒரு கட்டம் உண்டு. அளவு நாடா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடாமலே பத்தொன்பது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவர் கிளம்பினார். தொங்கவிட்டால் வாட்ச் கழன்று விழுந்துவிடும் என்பதால், வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த பையனைப் போல ஒரு கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார்.