படகுக்காரி பாடாத பாட்டுகள்

"முதல் பாட்டே வேண்டாம் சார். எடுத்துடுங்க."

ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நாடகக் கதாநாயகியின் கணவர். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். வேண்டாம் என்று சொல்லும்போதே அவருடைய கால், பிரேக்கை மிதிப்பதுபோலத் தரையை அழுத்தியது.

நாடகம் முழுக்கப் பாட்டிலேயே நடப்பது. புருஷன் ஆற்றோடு போன பிறகு துடுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் ஒரு படகுக்காரியின் கதை. மேடையில் பாடியவர்களை வைத்தே எல்லாப் பாட்டுகளையும் இந்த அறையில்தான் பதிவு செய்திருந்தார்கள். மொத்தமும் கேட்டு முடிக்க அரை நாள் வேண்டும். அதை முக்கியமான பாட்டுகளாகச் சுருக்கி டிஸ்க் வெளியிடப் போவதாகவும், எதெது இருக்க வேண்டும் என்பதைக் கதாநாயகி வந்து சொல்வார் என்றும் இயக்குநர் போன வாரம் சொல்லியிருந்தார். இன்று வந்திருப்பதோ வீட்டுக்காரர். வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: நாடகப் பாட்டை அரை மணிக்குச் சுருக்கணும், இன்றைக்கே வேணும்.

முதல் பாட்டு படகுக்காரி தனியாகப் பாடுவது. திரை விலகியதும் கைதட்டல் வாங்குவது. அதை எடுத்துவிட்டால் கதையே புரியாது என்று ஒலிப்பதிவாளர் எடுத்துச் சொன்னார். புரியாவிட்டால் பரவாயில்லை என்றார் கணவர்.

அடுத்தது, படகுக்காரியும் பள்ளிக்கூட வாத்தியாரும் சேர்ந்து பாடும் காதல் பாட்டு. வாத்தியார் வாய் திறப்பதற்குள் கால் தரையை அழுத்திவிட்டது.

ஓகோ, சங்கதி இதுதானா என்று ஒலிப்பதிவாளர் நினைத்துக்கொண்டார். வாத்தியாராக நடித்தவர் வாட்டசாட்டமான ஆள். அவர் படகுக்காரியின் கையைப் பிடிக்கும் இடத்தில் முன்வரிசை பெருமூச்சு விடும். வீட்டில் புகைந்திருக்கும்.

சுங்கம் வசூலிப்பவன் ஊரையே மிரட்டிக் கர்ஜிக்கும் பாட்டு வந்ததும் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது கட்டாயம் இருக்கட்டும் என்றார். படகுக்குத் தார் பூசும் ஆட்கள் இழுத்து இழுத்துப் பாடும் பாட்டு, அதுவும். நாடகத்தில் அந்தப் பாட்டு வரும்போதுதான் பாதிப் பேர் எழுந்து வெளியே போய்விட்டு வருவார்கள். குடிகாரக் காவலாளியின் பாட்டையாவது வைக்கச் சொல்வார் என்று ஒலிப்பதிவாளர் எதிர்பார்த்தார். அதில் படகுக்காரிக்கு வேலையே இல்லை.

"வேண்டாம் சார். அதைக் கேட்டா சிரிப்பு வந்துடும்."

"சிரிக்கத்தானே சார் அதை வச்சிருக்கு?"

கணவரின் கால்தான் பதில் சொன்னது.

சந்தைப் பாட்டில் சிக்கல் வந்தது. கூட்டமாகப் பாடுவது, நடுவில் ஒரே ஒரு வரி படகுக்காரியுடையது. அந்த வரியை மட்டும் வெட்டச் சொன்னார். வெட்டினால் தாளம் நொண்டும் என்று ஒலிப்பதிவாளர் சொல்லிப் பார்த்தார். நொண்டட்டும் என்று பதில் வந்தது. அதோடு விடவில்லை. சுங்கக்காரனின் பாட்டு முடியும் இடத்தில் வருகிற புல்லாங்குழலையும் எடுக்க வேண்டுமாம்.

"அதுல அவங்க குரலே இல்லையே சார்."

"அது முடிஞ்சா அடுத்தது அவ பாட்டுதானே. குழல் கேட்டதுமே மூச்சை இழுத்துப் பிடிச்சுத் தயாராயிடுவா. மாசக்கணக்கா வீட்டுல பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

வீட்டம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். அவள்தான் அனுப்பினாள் என்றார் கணவர். அதை நம்புவதற்கு ஒலிப்பதிவாளர் தயாராக இல்லை. கணினித் திரையில் மிச்சமிருந்த பாட்டுகளைப் பார்த்தார். சுங்கக்காரன் இருந்தான், தார் பூசுகிறவர்கள் இருந்தார்கள், சந்தை இருந்தது. படகுக்காரி ஒரு மூச்சுக்குக்கூட இல்லை. அவள் பெயரில் ஓடுகிற நாடகம் இது. இந்த டிஸ்க்கைக் கேட்டு நாளைக்கு யாரும் அந்த அம்மாவைப் பாடக் கூப்பிடப் போவதில்லை.

ஒலிப்பதிவாளர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உயிரைக் கொடுத்துப் பாடியிருக்காங்க. அந்த வாத்தியாரைப் பிடிக்கலைன்னா அவர்கிட்ட சண்டை போடுங்க. சம்சாரத்தை அவங்க டிஸ்க்குலேருந்தே துடைச்செடுக்கறதுக்கு எனக்குக் கை வரலை."

கணவர் விழித்தார். "எந்த டிஸ்க்கு?"

ஒலிப்பதிவாளர் இயக்குநர் சொன்னதைச் சொன்னார்.

"அடடா. அதுக்கு அவளே வருவா சார். அதுல கை வைக்க நான் யாரு?" கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். குழுவில் யார் காதுக்கும் இது போகக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாளாம்.

"நாளைக்கு அவளுக்குத் தொண்டையில மறுபடியும் ஸ்கேன். அந்த மெஷின் குழாய்க்குள்ள அரை மணி அசையாமப் படுத்திருக்கணும். கூட நடிச்சவங்க குரல் காதுல கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் உள்ளே போவேங்கறா. நேத்து ஸ்கேன் எடுக்கறப்போ முழு நாடகத்தையும் அப்படியே போட்டோம் சார். முதல் பாட்டு வந்ததுமே தன்னையறியாமப் பாட ஆரம்பிச்சுட்டா, எடுத்த படமெல்லாம் கலங்கிப் போச்சு."