ஒரே ஊழியர்

ஏழாம் வகுப்புக்குத் தொழில்முனைவு கட்டாயப் பாடம். நிறைமதியின் கம்பெனி அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இட்லி மாவு விற்றது. வகுப்பு முழுவதும் அதில் பங்கு வாங்கியிருந்தது. மாவு அரைக்கும் ஒரே ஊழியர் அவளுடைய அம்மா.

அன்று காலை அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு கிரைண்டர் முன்னால் நின்றாள்.

"கையத் தூக்கவே முடியலடி. கம்பெனிய மூடிடலாம்."

நிறைமதி பள்ளி டேப்லெட்டில் பங்குதாரர்களைக் கேட்டாள். தலை பின்னி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. லாபம் வருவதால் மூடக் கூடாதாம். ஊழியரை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாமாம்.

"நல்லதாப் போச்சு. வேற ஆளப் போடு. நான் கொஞ்ச நாள் படுத்துக்கறேன்."

"எங்க போய்ப் படுப்பம்மா? இந்த வீட்ட ஊழியர் குடியிருப்புன்னு கம்பெனி பேருக்கு எழுதிக் குடுத்திருக்கோம். வேலைய விட்டா காலி பண்ணணும்."

அம்மாவுக்கு நினைவு வந்தது. ரேங்க் கார்டில் போடுவதுபோல, பால் பொங்குகிற அவசரத்தில், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அவள்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். சொத்து காட்டினால் கூடுதல் மதிப்பெண் என்று மகள் சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது.

"சரி, அந்த அரிசியையாவது கிரைண்டர்ல கொட்டிவிடு."

நிறைமதி பாத்திரத்தைத் தூக்கினாள். உடனே டேப்லெட் எச்சரித்தது. முதலாளி உற்பத்தியில் கைவைத்தால் தேர்ச்சி கிடையாது. அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பிப் பார்த்தாள்.

"சாயங்காலம் நான் வர்றப்ப நீ வீட்ல இருப்பல்லம்மா?"

அம்மா இடது கையால் கிரைண்டரைப் போட்டாள்.