ஆறடிக் கோடு

மெர்வின் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். மேல்கையில் ஐந்து விரல் தடம், கத்தரிக்காய் நிறத்தில்.

“நேத்து மேடையில புடிச்சது. இது நடிப்பா, கெயில்? நான் என்ன நெஜக் கைதியா?”

நாடகத்தில் இரண்டே பேர். போர்ட் ஆர்தர் என்ற பழைய கடலோரச் சிறையின் கிழட்டுக் கைதி மெர்வின். ஒன்றரை மணி நேரம் அவரை வதைக்கும் காவலன் கானர்.

இயக்குநர் கெயில் கானர் பக்கம் திரும்பினாள்.

“கைதி காதுல காவலன் சீறும்போது முதுகு சில்லிடுதுன்னு பத்திரிகைல ஒருத்தன் எழுதிட்டான். அதான் உனக்குத் தலைகால் புரியல. அந்தச் சீறல் பிரதியில எந்தப் பக்கத்துல இருக்கு?”

கானர் மெர்வினைப் பார்த்தான். மெர்வின் சுவரைப் பார்த்தார்.

“எங்கயும் இல்ல. கொஞ்சம் ஓவராப் போயிட்டேன். சாரி.”

“போன வருஷம் வசனம் மறந்த ஆளையே மறுநாள் வீட்டுக்கு அனுப்பினவ நான். ஞாபகம் இருக்கில்ல?”

மெர்வின் அவசரமாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

கெயில் மேடையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள்.

“அவர் ஒக்கார்ற எடத்துலேர்ந்து ஆறடி. இன்னைக்கு இதைத் தாண்டினே, நாளைக்கு உன் சீருடையை வேற ஒருத்தன் போடுவான்.”

“காட்டுமிராண்டிக்குக் கோடெல்லாம் புரியுமா?” என்றார் மெர்வின்.

மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. தப்பியோடிப் பிடிபட்ட கதையைக் கைதி சொல்லவேண்டிய கட்டம்.

மெர்வின் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

கோட்டுக்கு அப்பால் கானர் நின்றான். நெற்றியில் வியர்வை. பூட்ஸ் முனை கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது, தாண்டவில்லை.

ஒரு இருமல்கூட இல்லை அரங்கில்.

மெர்வின் எழுந்தார். சங்கிலியை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். கையைக் கானரிடம் நீட்டி, காதை அவன் வாயருகே கொண்டுபோனார்.

கானர் இறுகப் பற்றினான். சீறினான்.

மேடையோரத் திரைக்குப் பின்னால் நின்ற கெயிலுக்கும் அது கேட்டது. வெறும் சீறல் இல்லை, அவள் கையிலிருந்த பிரதியின் அடுத்த வரி.

“மூணு நாள் கடல்பாசியத் தின்னு கெடந்தேன்!” மெர்வினின் குரல் கணீரென்று கிளம்பியது.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. திரை இறங்கியதும் கெயில் மேடைக்கு வந்தாள்.

“கை வலிக்குதா, மெர்வின்?”

“பரவால்ல விடு. சின்னப் பையன். போகப்போகக் கத்துக்குவான்.”

“ஆமா” என்றாள் கெயில், கோட்டை ஷூவால் தேய்த்துக்கொண்டே.