டாக்டரின் முகம்

எட்டாம் மாத வயிற்றில் ஜெல் குளிர, தேவானை படுத்திருக்கிறாள். சைதாப்பேட்டை ரயில் கடக்க, ஸ்கேன் அறையின் ஜன்னல் லேசாக அதிர்கிறது. டாக்டர் நீரஜா குழந்தையை அளந்த எண்களை இணையதளக் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். தேவானையின் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. போன குழந்தை தங்காததையும் இப்படி ஒரு டாக்டரின் முகத்தில்தான் அவள் முதலில் படித்தாள். எடை ஐந்நூற்று எழுபது கிராம் என்று வருகிறது. நீரஜாவின் புருவம் நெரிகிறது. தேவானையின் கை கட்டில் கம்பியைப் பிடிக்கிறது. மில்லிமீட்டர் கேட்ட கட்டத்தில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவை சென்டிமீட்டரில் போட்டிருக்கிறார் நீரஜா. திருத்தியதும் இரண்டு கிலோ முந்நூறு. "நல்லா வளர்ந்திருக்கும்மா. நான்தான் தப்பாத் தட்டிட்டேன்." கம்பியை விடாமலே தேவானை சொல்கிறாள்: "இன்னொரு தபா தட்டு டாக்டரம்மா. இந்த தபா உன் மூஞ்சப் பாக்கல, கம்ப்யூட்டரத்தான் பாக்கப்போறேன்."