மூன்று தவணை

"அக்கா, இந்தத் தொற்று முடியிற வரைக்கும் யாரும் துணி தைக்க வரப்போறதில்ல. பேசாம ஃபோனைத் திருப்பிக் குடுத்துடுங்க. பாக்கி மூணு தவணையையும் விட்டுடறேன்" என்றார் ஃபோன் கடைக்காரர்.

"வேண்டாம் தம்பி, கட்டிடறேன்."

வீட்டுக்கு வந்ததும் தையல்காரி செலவு எழுதும் நோட்டை எடுத்தாள். முதல் மாதம் பால் என்ற வரியை அடித்தாள். அடுத்த மாதம் கேபிள். மூன்றாம் மாதம் அடிப்பதற்கு வரியே இல்லை. தையல் மெஷினை விற்றாள்.

"அடுப்பு எரிய வழியைக் காணோம், மகாராணிக்கு டச் ஃபோன் கேக்குதா?" என்று அவள் அண்ணன் கத்தினான். அவள் மெஷின் விற்ற பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

கடைசித் தவணைக்கு ரசீது நீட்டிய கடைக்காரர் சிரித்தார். "சரியான பிடிவாதக்காரிதான் போங்க! இனிமே இதை யாரும் உங்ககிட்டேயிருந்து பிடுங்க முடியாது."

கடை வாசலிலேயே நின்று அவள் ஃபோனைக் காதில் வைத்தாள். மூன்று மாதங்களுக்கு முன், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து கணவன் கடைசியாகப் பேசி அனுப்பியது மூச்சிரைப்போடு ஒலித்தது:

"இந்தா பாரு... நான் வர்றேனோ இல்லியோ, நீ கடனோட கஷ்டப்படக் கூடாது. முதல்ல அந்த ஃபோனைத் திருப்பிக் குடுத்துடு."