சயூரன் அப்பிளுக்குச் சொன்னது

"இஞ்சாருங்கோ, 'சயூரன் சொன்ன சொல்லுகளைப் பற்றிக் கதைக்கோணும்' எண்டு டீச்சர் சும்மா எழுதேல்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டிப் போடாதேங்கோ."

மனைவி யோகராணி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குகதாசன் வகுப்பறை வாசலுக்கு வந்துவிட்டார். கட்டட வேலையில் இருந்து நேரே வந்தவர். காற்சட்டையில் சீமெந்து இன்னும் காயவில்லை.

"பிள்ளையை ஏசிறது நீர். கூப்பிடுறது என்னையோ?"

"பகிடியை விடுங்கோ. ஏசிற வீட்டிலை இந்த நாட்டுச் சிறுவர் காப்பகக்காரர் பிள்ளையை விடமாட்டினமாம். என்ரை பிள்ளையைப் பிரிச்சுக் கொண்டுபோனால் நான் உயிரோடை இருக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

டீச்சர் மேரின் அவரை இருக்கச் சொல்லி ஒரு கதிரையைக் காட்டினார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரை. குகதாசன் இருந்ததும் முழங்கால் நெஞ்சில் முட்டியது. சுவர் முழுக்க, பாதியாக வெட்டிய அப்பிளைச் சாயத்தில் தோய்த்துக் குத்திய படங்கள். மேசையில் வெட்டிய அப்பிள் இரண்டு. ஒன்று உள்ளே வெள்ளை. மற்றது கபில நிறமாகக் கன்றிப் போயிருந்தது.

"இது எங்கள் இலையுதிர்காலப் பரிசோதனை," என்றார் மேரின், அவருக்கு விளங்கட்டும் என்று நோர்வேஜிய மொழியை ஆறுதலாகப் பேசி. "ஒன்றுக்குப் பிள்ளைகள் நல்ல சொல் சொல்வார்கள். மற்றதுக்குக் கெட்ட சொல். கெட்ட சொல் கேட்கும் அப்பிளை நான் முன்னமே இரகசியமாக மேசையில் தட்டி வைத்துவிட்டேன். வெளியில் இரண்டும் ஒன்று போலத்தான். வெட்டினால்தான் காயம் தெரியும்."

அப்பிளோடு ஏன் கதைக்க வேண்டும்? அதற்கு ஏன் தன்னைக் கூப்பிட வேண்டும்? குகதாசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

"சயூரன் தமிழில் சொன்னான். பதிந்து வைத்திருக்கிறேன். எனக்கு அர்த்தம் வேண்டும்."

கைபேசியில் மகனின் குரல் வந்தது.

"எருமை மாடு. குரங்கு. மூதேசி, கொப்பனைப் போலவே வந்து வாய்ச்சிருக்கிறாய். ஆவெண்டு. விழுங்கு."

அசல் யோகராணி, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது திட்டுவது போலவே. குகதாசனுக்கு வேர்த்துவிட்டது.

"எருமை என்றால்... பலமான பிள்ளை," என்றார். "குரங்கு, சுறுசுறுப்பானவன். மற்றது... அப்பாவைப் போல நல்லவன்."

மேரின் ஒவ்வொன்றையும் கடதாசியில் எழுதினார்.

"நாங்கள் அவனை அடிப்பதில்லை, மேரின். சத்தியமாக."

மேரின் குழம்பிப்போய் நிமிர்ந்தார். "அடிப்பதா? இதை அவன் நல்ல அப்பிளுக்கு அல்லவா சொன்னான். தடவித் தடவிச் சொன்னான். வகுப்பே அமைதியாகிவிட்டது. இதைச் சுவரில் ஒட்டப் போகிறேன்."

குகதாசனுக்கு மூச்சு வந்தது. வெளியே போனதும் யோகராணிக்கு இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று எழும்பினார்.

"இருங்கள், இன்னும் ஒன்று இருக்கிறது," என்று மேரின் திரும்பவும் கைபேசியை அழுத்தினார். "கெட்ட அப்பிளுக்குச் சொன்னது. இதற்கும் அர்த்தம் சொல்லிவிடுங்கள்."

சயூரனின் குரல், கோபம் ஒன்றும் இல்லாமல், மெதுவாக வந்தது.

"இப்ப நேரமில்லை ராசா. அப்பாக்குக் களைப்பு. பிறகு கதைப்பம்."